மூலை வெட்டிய துணி

காரைத் துடைக்க ஒரு கிழிந்த பனியன் போதாதா என்று கேட்பவர்களை அவளுக்குப் பிடிக்காது. சண்டைக்கெல்லாம் போகமாட்டாள். "உங்க வண்டி, உங்க இஷ்டம்" என்று சொல்லிவிட்டு வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விடுவாள். அந்த இஷ்டத்துக்குள் இருக்கிற குத்தல் கேட்டவருக்குப் புரிவதற்குள் கதவு சாத்தியிருக்கும்.

அவள் கணவனுக்குக் கார் பாலிஷ் போடும் பட்டறையில் வேலை. பட்டறையின் மைக்ரோஃபைபர் துணிகள் அத்தனையும் சாயங்காலம் இரண்டு மூட்டையாக அவன் ஸ்கூட்டரில் ஏறி வீட்டுக்கு வரும். அவள் துவைத்து, உலர்த்தி, மடித்து, அதற்கடுத்த நாள் காலையில் திருப்பி அனுப்புவாள். பன்னிரண்டு வருஷமாக இப்படித்தான் நடக்கிறது. பட்டறையில் அவளுக்கு வைத்திருக்கும் பெயர் துணி டாக்டர். முதலில் கிண்டலாக வைத்ததுதான். அப்புறம் அவள் துவைத்த துணிக்கும் வேறு இடத்தில் துவைத்த துணிக்கும் உள்ள வித்தியாசத்தைக் கறுப்புக் கார் ஒன்று வெயிலில் நின்று காட்டிக்கொடுத்த பிறகு, கிண்டல் போய்ப் பெயர் மட்டும் நின்றுவிட்டது.

மூட்டையை அவிழ்த்ததும் நான்கு குவியலாகப் பிரிப்பாள். கண்ணாடி துடைத்த வழவழப்பான துணிகள் ஒன்று. வண்டியின் உடம்பைத் துடைத்த, புசுபுசுவென்று ரோமம் நிற்கும் கனமான துணிகள் ஒன்று. சக்கரத்தின் அழுக்கு எடுத்தவை ஒன்று. நான்காவது குவியலுக்கு அவள் வீட்டில் தனி மரியாதை உண்டு, அதாவது தீட்டு மாதிரி. டயருக்கும் டாஷ்போர்டுக்கும் பளபளப்பு எண்ணெய் தடவிய துணிகள் அவை. அந்த எண்ணெய் ஒரு தடவை இழைக்குள் புகுந்துவிட்டால் எத்தனை தண்ணீர் மாற்றினாலும் முழுசாக வெளியே வராது. பார்த்தாலும் தெரியாது, மோந்தாலும் தெரியாது. அதனால் பட்டறையிலேயே கத்தரிக்கோலால் அதன் ஒரு மூலையை வெட்டிவிடுவார்கள். மூலை வெட்டிய துணிக்குத் தனி வாளி, தனிக் கொடி, தனி அலமாரி. கணவன் தவறிப்போய் ஒருநாள் அதில் கை துடைத்துவிட்டுக் கண்ணாடிக் குவியலைத் தொட்டதற்கு இரண்டு நாள் அவனோடு பேசாமல் இருந்தாள்.

அந்த வியாழக்கிழமை மதியம் மாடி வீட்டம்மா ஒரு பிளாஸ்டிக் பையோடு இறங்கி வந்தாள்.

"டாக்டரம்மா, இதக் கொஞ்சம் பாருங்க. கடைவாசல்ல குவிச்சு வெச்சு வித்தான். பன்னெண்டு துணி. நல்லதான்னு சொல்லுங்க, ஏமாந்துட்டேனான்னு சொல்லாதீங்க."

அவள் ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு ஒரு துணியை எடுத்தாள். உள்ளங்கை மேல் மெதுவாக இழுத்தாள்.

"நல்ல துணின்னா காய்ஞ்ச கையில லேசா கொக்கி போட்டு இழுக்கணும்மா. அதுல இருக்கற இழை அவ்வளவு பொடிசு, தோல்ல இருக்கற வெடிப்பக்கூட விடாது. இது பாருங்க, சும்மா வழுக்…"

அந்த வார்த்தையை அவள் முடிக்கவில்லை. துணியைத் திருப்பிப் பார்ப்பதுபோல் திருப்பினாள்.

"சும்மா போகுது. தரைக்கும் ஜன்னல் கம்பிக்கும் வெச்சுக்கோங்க. கண்ணாடிக்கு வேணாம்."

"ஏமாந்துட்டேன்."

"முழுசா இல்ல. தண்ணி உறிஞ்சுதான்னு பாப்போம்." மேஜையில் ஒரு கரண்டி தண்ணீரை ஊற்றித் துணியை அதன்மேல் போட்டு இழுத்தாள். தண்ணீர் பாதி ஏறியது, பாதி துணிக்கு முன்னால் ஓடியது. "பாதி ஏமாந்திருக்கீங்க."

மாடி வீட்டம்மா சிரித்தாள். ஆள் வந்தால் லேசில் கிளம்பமாட்டாள், கீழே உட்கார்ந்துகொண்டாள்.

"எப்படித் தொவைக்கறதுன்னாவது சொல்லுங்க. நான் எல்லாத்தையும் ஒண்ணா மெஷின்ல போட்டு, வாசனைத் தண்ணி ரெண்டு மூடி ஊத்திடுவேன்."

"ஐயோ, அத மட்டும் ஊத்தாதீங்க! இழைய பூரா அடைச்சிடும். அப்புறம் அழுக்க எடுக்காது, அங்க இருக்கறத இங்க தள்ளும்."

"வாசனையா இருக்குமேன்னு பாத்தேன்."

"துணிய மோந்து பாக்கவா வாங்கினீங்க? டவலோடயும் போடாதீங்க, அதுல இருக்கற பஞ்செல்லாம் இதுல வந்து ஒட்டிக்கும். கொதிக்கற தண்ணி வேணாம். இஸ்திரி வேண்டவே வேண்டாம். சூடா இருக்கற அடுப்பத் தொடைக்காதீங்க, உருகிடும். என்னதான் மெத்து மெத்துனு இருந்தாலும் பிளாஸ்டிக் நூல்தான. தொவைக்கறதுக்கு முன்னாடி வெளிய கொண்டுபோய் நல்லா உதறுங்க. ஒரே ஒரு மணல் உள்ள உக்காந்திருந்தாக்கூட கண்ணாடியில கோடு போட்டுடும். அப்புறம் ஓரத்துல தச்சிருக்கு பாருங்க லேபிள், அத வெட்டிடுங்க. அதுவும் கீறும்."

"இவ்வளவு இருக்கா இதுல! சரி, எல்லாத்துலயும் முக்கியமானது ஒண்ணு சொல்லுங்க. ஒண்ணுதான் எனக்கு ஞாபகம் இருக்கும்."

அவள் ஈரத் துணியைப் பிழிந்து மேஜையில் வைத்தாள். பிறகு சொன்னாள். "ஒரு வேலைக்கு எடுத்த துணிய இன்னொரு வேலைக்கு எடுக்காதீங்க."

"எடுத்தா என்ன ஆகும்?"

"ஒண்ணும் ஆகாது. சுத்தமில்ல, அவ்வளவுதான்."

மாடி வீட்டம்மா துணிகளைப் பையில் திணித்துக்கொண்டே உள்ளறைப் பக்கம் தலையை ஆட்டிக் குரலைத் தணித்தாள்.

"பெரியவர் ஞாயித்துக்கிழமை கெளம்பறாராமே? மக வந்து கூட்டிட்டுப் போறாளாம்?"

"ஆமா."

"பாவம். இந்தத் தெருவ விட்டு அவர் இருந்துடுவாரா? ஆனா தலை சுத்தி விழுறவர எத்தன நாள் நீங்க தனியா பாத்துப்பீங்க? நல்ல முடிவுதான். நீங்களும் மனுஷிதான."

அவள் மேஜையில் சிந்தியிருந்த மிச்சத் தண்ணீரைத் துடைத்தாள்.

பெரியவர் என்பது அவளுடைய மாமனார். முப்பத்தெட்டு வருஷம் தபால்காரராக இருந்தவர். வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் காலில் இருந்த ஓட்டம் ஓய்வு பெறவில்லை. காலையில் ஏழு மணிக்குக் கிளம்பி, தான் கடிதம் கொடுத்த தெருக்களையெல்லாம் அதே வரிசையில் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் பத்து மணிக்கு வருவார். கையில் ஒரு தாளும் இருக்காது, வாய் நிறைய சேதி இருக்கும். யார் வீட்டு நாய் குட்டி போட்டது, எந்த வீட்டுக்குப் புதுசாக வாடகைக்கு வந்திருக்கிறார்கள், எவன் கதவுக்கு மறுபடியும் பச்சை அடித்துக் கெடுத்தான், எல்லாம் அடுப்படி வாசலில் நின்றே சொல்லிமுடிப்பார். "கடுதாசி இல்லேன்னாலும் பட்டுவாடா உண்டு" என்று மகன் கேலி செய்வான். மாமியார் போன பிறகு அந்தப் பட்டுவாடா முழுவதும் இவளுக்குத்தான்.

அவர் விழுந்த கதை தெரு முழுக்கத் தெரியும். ஏன் விழுந்தார் என்பது அவள் ஒருத்திக்குத்தான் தெரியும்.

ஏழு வாரத்துக்கு முன்னால் விடாமல் நான்கு நாள் மழை. பட்டறைத் துணி, வீட்டுத் துணி என்று வீடு முழுக்கக் கொடி கட்டி, குனிந்து குனிந்துதான் நடக்கவேண்டியிருந்தது. ஒன்றும் உலரவில்லை. தரை துடைக்கிற பச்சைத் துணிகள் இரண்டும் ஈரத்தில் ஊறி நாற்றமே எடுத்துவிட்டன. கூடத்தில் செருப்புச் சேறும் குடைத் தண்ணீருமாகக் கிடந்தது. பார்க்கப் பார்க்க அவளுக்குப் பொறுக்கவில்லை. ஃப்ரிட்ஜுக்குப் பின்னால், அந்தச் சூட்டில், ஒரே ஒரு துணி நன்றாக உலர்ந்து தொங்கிக்கொண்டிருந்தது. சாம்பல் நிறம். மூலை வெட்டியது.

தெரியாமல் எடுத்தாள் என்று சொல்ல வழியே இல்லை. மூலையைப் பார்த்தாள். பார்த்துவிட்டுத்தான் எடுத்தாள். இரண்டு தடவை துவைத்தாயிற்று, ஒரே ஒரு தடவை, அதுவும் தரைதானே, யார் கண்ணில் படப்போகிறது என்று துடைப்பானில் மாட்டிக் கூடம் முழுக்க இழுத்தாள். சும்மா சொல்லக்கூடாது, தரை கண்ணாடி மாதிரி ஆகிவிட்டது. அடுப்படி வாசலில் நின்று ஒரு நிமிஷம் அதை ரசிக்கக்கூடச் செய்தாள்.

பத்து மணிக்கு மாமனார் வந்தார். குடையை மடக்கி வெளியே சாய்த்தார். மிதியடியில் காலைத் தேய்த்தார். தேய்த்தாலும் உள்ளங்காலில் ஈரம் இருக்கத்தானே செய்யும். "இன்னிக்கு ஒரு கூத்து கேளும்மா" என்று ஆரம்பித்தது கேட்டது. அடுத்தது அந்தச் சத்தம். அந்த நொடியிலேயே அவளுக்குத் துணி ஞாபகம் வந்துவிட்டது. ஓடிப்போய் அவர் முகத்தைப் பார்த்தது அதற்கப்புறம்தான். இந்த வரிசையை நினைத்தால்தான் அவளுக்குத் தன்மேல் இன்றுவரை கோபம் ஆறவில்லை.

மணிக்கட்டில் எலும்பு முறிந்திருந்தது. பின்னந்தலையில் நல்ல அடி. கணவன் பறந்து வந்து அப்பாவை வண்டியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனான். அவளை வீட்டைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். அவளும் பார்த்துக்கொண்டாள். வெந்நீரும் பாத்திரம் துலக்கும் சோப்பும் கலந்து கூடத்தை மூன்று தடவை தேய்த்துக் கழுவினாள். இன்னொருவர் விழக்கூடாதே என்றுதான் கழுவுவதாக அவள் நினைத்தாள். அது பொய்யும் இல்லை. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்றால், எதற்காக அந்தத் துணியைப் பட்டறைக்கு அனுப்பாமல் அலமாரியில் குவியலுக்கு அடியில் கொண்டுபோய்ச் செருகவேண்டும்?

சாயங்காலம் மாவுக்கட்டோடு திரும்பி வந்த மாமனார் நாற்காலியில் உட்கார்ந்து முதலில் சொன்னது இதுதான். "தரை வழுக்கிடுச்சுடா."

மகன் குழாயடிக்குப் போய்க் காலை நனைத்துக்கொண்டு வந்தான். கூடத்தில் இப்படியும் அப்படியும் நடந்து பார்த்தான். வேண்டுமென்றே தேய்த்துப் பார்த்தான்.

"எங்கப்பா வழுக்குது? ஈரக் காலோட நடக்கறேன், ஒட்டிக்கிது பாருங்க."

"அப்ப வழுக்கிச்சுடா."

"தலை கிலை சுத்திச்சா?"

"இல்லடா. நல்லாத்தான் வந்தேன். சறுக்கிட்டுப் போச்சு."

மகன் அவள் பக்கம் திரும்பினான். "நீ என்ன போட்டுத் தொடச்ச?"

"எப்பவும் போடறதுதான்" என்றாள் அவள்.

மகனுக்கு அது போதும். துணி விஷயத்தில் அவள் சொன்னால் வேத வாக்கு. மாமனாருக்கும் அது போதும்போல்தான் இருந்தது. அவர் தரையைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். ஒரு வாரம் வரைக்கும் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் வழுக்கிவிட்டது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தார். வந்தவர்கள் மகனைப் பார்த்து லேசாகச் சிரிப்பார்கள், வயசானவர்கள் தரையைத்தானே குற்றம் சொல்வார்கள் என்பதுபோல. ஆஸ்பத்திரியில் டாக்டர் தலை சுற்றியதா என்று மறுபடி கேட்டபோது அவரே, "இருக்கலாம் சார், சுத்தியிருக்கலாம்" என்றார். ரத்தம் எடுத்தார்கள், காதுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்தார்கள், தலையைப் படம் எடுத்தார்கள். ஒன்றும் அகப்படவில்லை. ஒன்றும் அகப்படாவிட்டால் வயசு என்று எழுதிவிடுவார்கள்.

அதற்கப்புறம் அவர் தனியாக வாசல் தாண்டக்கூடாது என்றாயிற்று. குளியலறைக்குப் போக அவள் கை பிடிக்கவேண்டும் என்றாயிற்று. கட்டுப் பிரித்த பிறகும் அப்படியே. நாத்தனார், அதாவது கணவனின் அக்கா, நாலு மணி நேரத் தொலைவில் இருந்தாள். தினமும் ஃபோனில் அழுதாள். போன வாரம் முடிவு சொல்லிவிட்டாள், ஞாயிற்றுக்கிழமை கார் எடுத்துக்கொண்டு வருகிறேன், இனி அப்பா என்னோடுதான்.

சொல்லியிருக்கலாம். நாற்பத்தொன்பது நாளில் ஒரு நாள் சொல்லியிருக்கலாம். கணவன் கத்துவான், கத்திவிட்டுச் சாப்பிட வருவான். அது பெரிய விஷயமில்லை. நாத்தனார்தான், வேணும்னே பண்ணியிருப்பா, கிழவனக் கழட்டி விடப் பாத்திருப்பா என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் அதற்கப்புறம் யார் முகத்தில் முழிப்பது என்று பயந்தாள். அதற்கும் அடியில் இன்னொன்று இருந்தது, அதைத் தனக்குத்தானே ஒப்புக்கொள்ளவே அவளுக்கு ஒரு மாதம் ஆனது. துணி டாக்டர் என்கிற பெயர் போய்விடும். ஒரு மனுஷனின் நடையைவிட ஒரு பட்டப்பெயர் அவளுக்குப் பெரிதாக இருந்திருக்கிறது.

வெள்ளிக்கிழமை வெயில் சுள்ளென்று அடித்தது. கண்ணாடித் துணிகளை நிழலில் விரித்துவிட்டு உள்ளே வந்தவள், கூடத்துச் சுவரைத் துடைக்க உட்கார்ந்தாள். இடுப்பு உயரத்தில், உள்ளறையிலிருந்து குளியலறை வரைக்கும், வரிசையாகக் கை ரேகைகள். அவள் வருவதற்குள் அவராக எழுந்து சுவரைப் பிடித்துக்கொண்டு போகப் பார்க்கிறார் என்பது அதில் தெரிந்தது. முதல் வாரம் ரேகைகள் தள்ளித் தள்ளி இருந்தன. இப்போது ஒன்றின்மேல் ஒன்று விழுகிற அளவுக்கு நெருங்கியிருந்தன. ஓரடிக்கு ஒரு தடவை பிடிக்கிறார்.

மதியம் கஞ்சி கொடுக்கப் போனபோது காலையில் வைத்த தண்ணீர்ச் செம்பு அப்படியே இருந்தது.

"மாமா, தண்ணியே குடிக்கலயா?"

"தாகம் இல்லம்மா."

"இந்த வெயில்ல தாகம் இல்லயா? நேத்தும் இப்படித்தான் மிச்சம் வெச்சீங்க."

அவர் வேறு பக்கம் பார்த்தார். "குடிச்சா எந்திரிக்கணும். எந்திரிச்சா உன்னக் கூப்பிடணும். நீ அந்த ஈர மூட்டையத் தூக்கறதா, என்னத் தூக்கறதா?"

"எனக்கு ஒரு சிரமமும் இல்ல மாமா."

"தெரியும்மா. உன் முகத்துல ஒருநாளும் நான் சுளிப்பப் பாத்ததில்ல. அதான் எனக்குக் கஷ்டமா இருக்கு."

அவள் செம்பை எடுத்துக்கொண்டு அடுப்படிக்கு வந்து, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்தில் அழுதாள்.

சனிக்கிழமை காலையில் கணவன் பட்டறைக்குப் போன பிறகு மாமனார் தன் பையைத் தானே அடுக்க ஆரம்பித்திருந்தார். வலது கை இன்னும் சரியாக மடங்கவில்லை. சட்டையைக் கட்டிலில் விரித்து, இடது கையால் தட்டித் தட்டி மடித்துக்கொண்டிருந்தார். அவள் வாசலில் நின்றாள்.

"நான் மடிக்கறேன் மாமா."

"வேணாம்மா. இதையாவது செய்யறேன்." ஒரு சட்டையை முடித்துவிட்டு மூச்சு வாங்கினார். "அங்க ஒண்ணும் குறை இல்ல. என் பொண்ணு நல்லா பாத்துப்பா. என்ன, தெருவுல ஒருத்தனையும் தெரியாது. தெரிஞ்சுதான் என்ன, தெருவுல எறங்கப் போறேனா? தலைய நம்ப முடியாதவனுக்குத் தெரு எதுக்கு?"

"மாமா."

"அழாதம்மா. நீ எதுக்கு அழற? உன்னால ஆனத நீ செஞ்ச."

"மாமா, உங்களுக்குத் தலை சுத்தல."

"டாக்டரே சுத்தியிருக்கும்னு…"

"சுத்தல. தரைதான் வழுக்கிச்சு. நான்தான்."

அவர் கையிலிருந்த சட்டையைக் கீழே வைக்கவில்லை. அவள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னாள். மழை, பச்சைத் துணி, ஃப்ரிட்ஜ், மூலை. வெந்நீரும் சோப்பும். குவியலுக்கு அடியில் செருகியது. எதையும் விடவில்லை, எதையும் மெழுகவில்லை. சொல்லி முடித்ததும் அந்த அறை அப்படியே இருந்தது, அதுதான் அவளுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"கொண்டா" என்றார் அவர்.

"எத?"

"அந்தத் துணிய."

அலமாரியிலிருந்து எடுத்து வந்து கொடுத்தாள். அவர் அதைப் பெருவிரலால் தேய்த்துப் பார்த்தார். வெட்டின மூலையைத் தடவினார்.

"ஒண்ணும் தெரியலயே."

"தொட்டா தெரியாது மாமா. தரையில தேச்சாதான்."

"நான் வழுக்கிச்சுன்னு சொன்னேன்ல?"

"சொன்னீங்க."

"அன்னிக்கே சொன்னேன். வந்து உக்காந்ததும் மொத வார்த்த அதான் சொன்னேன்." அவர் குரல் ஏறியது. "அவன் கால நனச்சுட்டு வந்து நடந்து காட்டினான். நான் என்னடா இது, நாமதான் ஒளர்றோமோன்னு… வர்றவன் போறவன்லாம் சிரிச்சான். நான் சொன்னது சரிதான? சரியாத்தான சொன்னேன்?"

"சரியாத்தான் சொன்னீங்க மாமா."

அவருக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முகத்தில் ஒரு சந்தோஷம்கூட வந்தது. தோற்ற வழக்கில் ஜெயித்துவிட்ட மாதிரி துணியைப் பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார். அவள் திட்டு விழும் என்று நினைத்துத்தான் நின்றாள். இந்தச் சந்தோஷத்தைப் பார்க்க அவளுக்குத் தெம்பு இல்லை. அப்புறம் அந்தச் சந்தோஷம் மெல்ல வடிந்தது. அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார்.

"நான் அதச் சொன்னப்ப நீ அங்கதான நின்ன."

"ஆமா."

"என் பக்கத்துலதான் நின்ன."

"ஆமா மாமா."

"டீ டம்ளர் வெச்சுட்டு நின்ன. எனக்கு ஞாபகம் இருக்கு. பாத்தியா, ஞாபகமெல்லாம் நல்லாத்தான் இருக்கு எனக்கு." துணியை அவளிடம் நீட்டினார். "ஃபோனப் போட்டு என் பொண்ணக் கூப்பிடு."

கூப்பிட்டாள். அவர் பேசப் போகிறார் என்று நினைத்து நீட்டினாள். அவர் வாங்கவில்லை.

"நாளைக்குக் கார் வேணாம்னு சொல்லு. ஏன் வேணாம்னும் நீயே சொல்லு."

அந்தப் பக்கம் நாத்தனார் எடுத்துவிட்டாள். பின்னால் சாமான் உருட்டும் சத்தம் கேட்டது. அப்பாவுக்கு அறை ஒழித்துக்கொண்டிருந்திருப்பாள். இரண்டாவது தடவை சொல்வது முதல் தடவையைவிடச் சுருக்கமாகத்தான் இருந்தது.

"அண்ணி, மாமாவுக்குத் தலை சுத்தி விழல. நான் எண்ணெய் ஏறின துணியால தரையத் தொடச்சேன். அதுல வழுக்கி விழுந்தாரு. அப்புறம் நானே அத யாருக்கும் தெரியாம கழுவிட்டேன். கேட்டப்பப் பொய் சொன்னேன்."

சாமான் சத்தம் நின்றது.

"தெரிஞ்சே தொடச்சியா?" என்று நாத்தனார் கேட்டாள்.

"துணி தெரிஞ்சு எடுத்தேன். விழுவாருன்னு நினைக்கல."

"அத விடு. ஒரு துணி மாறிப்போச்சு, அது எங்க வீட்டுலயும் நடக்கும். அப்பா எங்கிட்ட ஃபோன்ல அழுதாரு, தெரியுமா உனக்கு? எனக்கு மூளை கலங்கிடுச்சாம்மான்னு கேட்டாரு. நான் ஆறுதல் சொல்றதா நெனச்சுக்கிட்டு, வயசானா அப்படித்தாம்ப்பான்னு சொன்னேன். என்னையும் சேத்துல்ல சொல்ல வெச்ச நீ?"

நாத்தனார் ஃபோனை வைத்துவிட்டாள். வேணும்னே பண்ணினாய் என்று அவள் சொல்லவே இல்லை. அந்தப் பயத்துக்காகத்தான் இவள் இத்தனை நாளைக் கடத்தியிருந்தாள்.

மாமனார் கட்டிலிலிருந்து எழுந்தார். பழக்கத்தில் அவள் கை நீண்டது. அவர் அந்தக் கையைப் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்து, நிலையைப் பிடித்து, கூடத்துக்கு வந்தார். சுவரை விட்டுவிட்டு நாலு தப்படி எடுத்து வைத்தார். ஏழு வாரம் உட்கார்ந்தே இருந்த கால்கள். வேட்டிக்குக் கீழே கணுக்கால்கள் இளைத்திருந்தன. கூடத்து நடுவில், எதையும் பிடிக்க முடியாத இடத்தில், நின்றுவிட்டார்.

"சுத்துதே" என்றார்.

அவள் பதறிப்போய் ஓரடி முன்னால் வந்தாள்.

"வராத. அங்கயே நில்லு." அவர் இடது கையை நீட்டித் தடுத்தார். "அன்னிக்குச் சுத்தல. சரி. இப்ப சுத்துற மாதிரி இருக்கே. நெஜமாவே ஆடறேனா, இல்ல இத்தன நாளா நீங்கல்லாம் சொல்லிச் சொல்லி எனக்கு அப்படித் தோணுதா? எனக்குத் தெரியல. இங்க வேற யாரும் இல்ல, உன்னத்தான் கேக்கணும். பாத்துச் சொல்லு. இந்தத் தடவையாவது உள்ளதச் சொல்லு."

இல்லை மாமா, நல்லாத்தான் நிக்கறீங்க என்று சொல்ல அவள் வாய் வரைக்கும் வந்தது. அவர் முழங்கால்களைப் பார்த்தாள். தோளைப் பார்த்தாள்.

"ஆடறீங்க மாமா" என்றாள். "கொஞ்சம் ஆடறீங்க."

"எந்தப் பக்கம்?"

"இடது பக்கம்."

அவர் தலையை ஆட்டினார். இடது காலைச் சற்று அகற்றி வைத்து ஊன்றிக்கொண்டார்.

"இப்ப?"

"இன்னும் ஆடுது."

"சரி. பாத்துக்கிட்டே இரு" என்று சொல்லிவிட்டு அவர் தெரு வாசலைப் பார்த்து வலது காலை எடுத்து வைத்தார்.